சி மொழியில் நீளமான பிட் வரிசை: எந்த வழியில் வைப்பது?

சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பிளாக் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. தேக்கா நிலையத்துக்கு 210665. ஆறு இலக்கம் என்றால் 000000 முதல் 999999 வரை ஒரு மில்லியன் எண்கள். தேக்காவிலிருந்து தீவு முழுக்கத் தீபாவளிப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கடைக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குறியீட்டிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே கொடுக்கிறோமா, இல்லையா? பதிலுக்கு ஒரு பிட் போதும். மொத்தம் ஒரு மில்லியன் பிட்.

சி மொழியில் இதை வைக்கப் பல வழிகள் இருக்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளும், வேலையில் முதல்முறையாக சிறு கன்ட்ரோலர்களைத் தொடுகிறவர்களும் எதை எடுப்பது என்று அடிக்கடிக் கேட்கிறார்கள். பொதுவாக எல்லாரும் மெமரியில் எவ்வளவு மிச்சமாகும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. பிட்டுகளை ஒவ்வொன்றாகத் தொடப் போகிறீர்களா, கூட்டமாகவா என்பது முதல் கேள்வி. அந்தப் பிட்டுகள் உங்கள் நிரலை விட்டு வெளியே, அதாவது வயரிலோ கோப்பிலோ வன்பொருள் ரெஜிஸ்டரிலோ போகுமா என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

பிட்டுக்கு ஒரு பைட்

எளிய வழி பூல் அரே, அதாவது ஆம்/இல்லை மதிப்புகளின் அரே. சி99 தரநிலையிலேயே பூல் வந்துவிட்டது, வழக்கமாக ஒரு பூல் ஒரு பைட் பிடிக்கும். ஒரு மில்லியன் குறியீட்டுக்கு ஒரு மில்லியன் பைட். மடிக்கணினிக்கு இது ஒன்றுமே இல்லை.

கொடுப்போம்[210665] = 1

இவ்வளவுதான். படிக்கிறவருக்கு விளக்கமே தேவையில்லை. பிட் கணக்கு தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அது தவறு. பைட் அரேவில் ஒரு இடத்தை மாற்ற நேராக எழுதினால் போதும், பழைய மதிப்பைப் படிக்க வேண்டியதில்லை. இரண்டு திரெட்கள் (ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடும் இழைகள்) பக்கத்துப் பக்கத்து இடங்களில் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஆபத்தில்லை. அரேவின் ஒவ்வோர் உறுப்பும் தனி மெமரி இடம் என்று சி11 உறுதி தருகிறது. பிட்டுகளை ஒன்றாகச் சுருக்கிவிட்டால் இந்த உறுதி போய்விடும். ஒரே வேர்டில் (சில்லு ஒரே மூச்சில் கையாளும் பிட் தொகுதியில்) உள்ள இரண்டு பிட்டை இரண்டு திரெட்கள் மாற்றினால், இரண்டும் பழைய வேர்டைப் படித்து, தன் பிட்டைச் சேர்த்து, திருப்பி எழுதும். பிந்தி எழுதியதுதான் நிற்கும், முந்தியது காணாமல் போகும். இந்தப் பிழை பத்தாயிரம் ஓட்டத்தில் ஒரு முறைதான் தலைகாட்டும். கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

மெமரி நிறைய இருந்து, பிட்டுகளை ஒன்றிரண்டாக மட்டுமே பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு பைட்டில் எட்டு பிட். இந்த எட்டு மடங்கு வித்தியாசம் எங்கே முக்கியமாகும்? சிறு சில்லுகள். ராஸ்பெரி பை பிக்கோவில் மெமரி 264 கிலோபைட். ஒரு மில்லியன் பைட் அதில் நுழையவே நுழையாது. பிட்டாகச் சுருக்கினால் 125,000 பைட், பாதி இடம்கூட ஆகாது. ஆர்டுவினோ ஊனோ ஆர்3-இல் இருப்பது 2,048 பைட். 10,000 பிட் என்றால் 1,250 பைட், அடங்கிவிடும். அதையே பைட் அரேவாக வைக்க வழியில்லை.

வேர்டு அரே

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீளமான பிட் வரிசைக்கு வேறு காரணம் இல்லாதவரை இதையே எடுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். 64-பிட் அன்சைன்டு (குறி இல்லாத) முழு எண்களின் அரே ஒன்று. எண்ணை 64-ஆல் வகுத்த ஈவு எந்த வேர்டு என்று சொல்லும், மீதி அதற்குள் எந்த பிட் என்று சொல்லும்.

வேர்டு[எண் >> 6] |= ஒன்று << (எண் & 63)

தேக்காவை வைத்துப் பார்க்கலாம். 210665-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 3291, மீதி 41. 3291-ஆம் வேர்டில் 41-ஆம் பிட்டை ஏற்றினால் தேக்காவுக்குக் கொடுக்கிறோம் என்று பொருள். ஒரு மில்லியனை 64-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 15,625 வேர்டு வருகிறது.

மேலே ‘ஒன்று’ என்று எழுதியது சும்மா இல்லை. அந்த ஒன்று 64-பிட் அன்சைன்டாக இருக்க வேண்டும். வெறும் 1 என்று போட்டால் அது சாதாரண இன்ட், பெரும்பாலான இயந்திரங்களில் 32 பிட். 32 பிட் அகலமுள்ள எண்ணை 41 இடம் நகர்த்தினால் என்ன ஆகும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. இன்டெல் வகைச் சில்லுகளின் 32-பிட் ஷிஃப்ட் கட்டளை எண்ணிக்கையின் கடைசி ஐந்து பிட்டை மட்டும் பார்க்கும். 41 அங்கே 9 ஆகிவிடலாம். அப்படியானால் 210665-க்குப் பதில் 210633-ஐக் குறித்து வைத்திருப்பீர்கள். நிரல் உடையாது, எச்சரிக்கை வராமலும் போகலாம், பலகாரம் மட்டும் போய்ச்சேராது. 31-ஆம் பிட்டில் இன்னொரு விதமான வம்பு. வெறும் 1-ஐ 31 இடம் நகர்த்தினால் அது குறி பிட்டில் போய் விழும். அதுவும் தரநிலைக்கு வெளியே. நடைமுறையில் எதிர்ம எண்ணாகி, 64 பிட்டுக்கு விரியும்போது மேலே உள்ள 32 பிட்டையும் ஏற்றிவிடும். இதனால்தான் பிட் வேலை எதுவானாலும் அன்சைன்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இந்த வழியின் உண்மையான பலன், பிட்டுகளைக் கூட்டமாகக் கேட்கும்போதுதான் தெரியும். சென்ற ஆண்டு ஆர்டர் தந்த குறியீடுகள் ஒரு வரிசை, இந்த ஆண்டு கொடுக்கப் போகும் குறியீடுகள் இன்னொரு வரிசை. இரண்டிலும் உள்ளவை எவை? வேர்டுக்கு வேர்டு & போட்டுக்கொண்டே போனால் 15,625 சுற்றில் முடிந்துவிடும். சென்ற ஆண்டு வாங்கி இந்த ஆண்டு விட்டுப்போனவை வேண்டுமென்றால் & ~ போதும். பைட் அரேவிலும் கம்பைலர் ஒரே கட்டளையில் பல பைட்டுகளைச் சேர்த்துச் செய்யும்தான், ஆனாலும் அது புரட்ட வேண்டிய தரவு எட்டு மடங்கு. 125,000 பைட் இன்றைய மடிக்கணினியின் இரண்டாம் நிலை கேஷிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

எத்தனை பிட் ஏறியிருக்கிறது என்று எண்ணுவதற்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. பீட்டர் வெக்னர் 1960-இலேயே வெளியிட்டது. ஓர் எண்ணையும் அதிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணையும் & போட்டால், ஏறியிருக்கும் பிட்டுகளில் கடைக்கோடியில் உள்ளது அணைந்துவிடும். பூஜ்யம் வரும்வரை செய்து, எத்தனை முறை என்று எண்ணினால் விடை. இன்று பெரும்பாலான சில்லுகளில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டும் பாப்கவுண்ட் என்ற உள்ளமைச் சார்பாக அதைத் தருகின்றன. ஏறியிருக்கும் பிட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்வையிட வெக்னர் உத்தி இன்னமும் கைகொடுக்கிறது: கடைசிப் பூஜ்யங்களை எண்ணி இடத்தைக் கண்டுபிடி, அந்தப் பிட்டை அணை, அடுத்ததற்குப் போ. ஜிசிசியின் கடைசிப் பூஜ்யம் எண்ணும் சார்புக்குப் பூஜ்யத்தையே கொடுத்தால் விடைக்கு உத்தரவாதம் இல்லை. முதலில் சோதித்துவிட்டு அழையுங்கள்.

அடுத்தது வீச்சு. 21-இல் தொடங்கும் குறியீடுகள் லிட்டில் இந்தியா வட்டாரம். 210000 முதல் 219999 வரை அத்தனையும் ஏற்ற வேண்டும். பைட் அரேவில் இது ஒரு மெம்செட் (இடம் முழுக்க ஒரே மதிப்பை நிரப்பும் சார்பு), ஒரே வரி. வேர்டு அரேவில் 210000 விழுவது 3281-ஆம் வேர்டின் 16-ஆம் பிட்டில், 219999 விழுவது 3437-ஆம் வேர்டின் 31-ஆம் பிட்டில். முதல் வேர்டில் மேலே 48 பிட், நடுவில் 155 முழு வேர்டு, கடைசி வேர்டில் கீழே 32 பிட். கூட்டினால் சரியாக 10,000. கடைசி வேர்டுக்கான மாஸ்கை (வேண்டிய பிட்டுகள் மட்டும் 1 ஆக உள்ள எண்ணை) எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒன்றை (க + 1) இடம் நகர்த்தி ஒன்றைக் கழிக்கும் வழி, க 63 ஆகும்போது 64 இடம் நகர்த்தச் சொல்லும். அது மறுபடியும் தரநிலைக்கு வெளியே. எல்லா பிட்டும் 1 ஆன வேர்டை (63 - க) இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். எந்த நிலையிலும் உடையாது.

நீளம் 64-இன் மடங்காக இல்லாவிட்டால் வால் பிரச்சினையும் சேரும். நான்கு இலக்க லாட்டரியான ஃபோர்-டியில் எண்கள் 0000 முதல் 9999 வரை 10,000. அதற்கு 157 வேர்டு வேண்டும், அதில் 10,048 பிட் இருக்கும். கடைசி 48 பிட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. வரிசை முழுவதையும் ~ போட்டுத் திருப்பினால் அந்த 48-உம் ஏறிக்கொள்ளும், எண்ணிக்கை 48 கூடுதலாக வரும். திருப்பியவுடன் வாலை மாஸ்க் போட்டு அணைப்பதை அந்தச் சார்பிலேயே வைத்துவிடுங்கள், அழைப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

திரெட் சிக்கலுக்கு வருவோம். சி11-இன் அடாமிக் வசதியில் ‘படித்து, | போட்டு, எழுது’ என்பதைப் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் சார்பு உண்டு. லினக்ஸ் கெர்னலும் அன்சைன்டு லாங் அரேவைத்தான் பிட் வரிசையாக வைத்திருக்கிறது. அங்கே பிட்டை ஏற்றும் சார்புக்கு இரண்டு வடிவம்: அடாமிக் ஆனது ஒன்று, பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட சாதாரணமானது இன்னொன்று. திரெட் இல்லாத இடத்தில் அடாமிக்குக்கு விலை கொடுக்க வேண்டாமே என்பதுதான் காரணம். உங்கள் சொந்தச் சார்புகளுக்கும் இப்படி இரண்டு பெயர் வைத்தால் குழப்பம் வராது.

மொத்த வரிசையும் 64-க்குள் அடங்கிவிட்டால் அரேகூட வேண்டாம். டோட்டோ லாட்டரியில் 49 எண்ணில் 6. ஒரு சீட்டு ஒரு வேர்டு, முடிவும் ஒரு வேர்டு. ஒரு &, ஒரு பாப்கவுண்ட், எத்தனை எண் பொருந்தியது என்பது கையில். மொத்தச் சேர்க்கைகள் 13,983,816. அத்தனையையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றாலும் கணினி சளைக்காது.

பிட்-ஃபீல்டும் மாஸ்கும்

பிட்டுகள் வெளியே போகுமா என்ற இரண்டாவது கேள்வி இங்கேதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரக்டுக்குள் ஒவ்வொரு உறுப்புக்கும் இத்தனை பிட் என்று எழுதும் பிட்-ஃபீல்டு பார்க்க அழகாக இருக்கும். ஷிஃப்டும் மாஸ்கும் கம்பைலரின் பொறுப்பு. ஆனால் எந்த உறுப்பு மேல் பிட்டில், எது கீழ் பிட்டில் என்பதை சி தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. ஓர் உறுப்பு இரண்டு அலகுக்கு நடுவில் பிரிந்து கிடக்கலாமா என்பதும் அப்படித்தான். இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னாலும் இருக்கும் ஐபி தலைப்பின் முதல் பைட்டில் பதிப்புக்கு நான்கு பிட், தலைப்பு நீளத்துக்கு நான்கு பிட். லினக்ஸ் கெர்னல் இந்த இரண்டையும் பிட்-ஃபீல்டாக எழுதியிருக்கிறது, ஆனால் இருமுறை, வரிசையை மாற்றி மாற்றி, எந்த இயந்திரம் என்று பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

டிஎம்பி102 என்ற வெப்பநிலை உணரியை எடுத்துக்கொள்வோம். 12 பிட் மதிப்பை இரண்டு பைட்டாக, மேல் பைட் முதலில் வரும்படி அனுப்பும். ஒரு படி 0.0625 டிகிரி. கடைசி நான்கு பிட்டைத் தள்ளிவிட வேண்டும். நம் ஊர்ப் பிற்பகலில் வரும் பைட்டுகள் 31, 128 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பைட்டை எட்டு இடம் இடப்பக்கம் தள்ளி, இரண்டாவதைச் சேர்த்து, நான்கு இடம் வலப்பக்கம் தள்ளினால் 504. 0.0625-ஆல் பெருக்கினால் 31.5 டிகிரி. சரி.

அதே நிரலை ஜூரோங் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் மாட்டுங்கள். மைனஸ் 18 டிகிரி. உணரி அனுப்புவது 238, 0. அதே கணக்குப் போட்டால் 3808, அதாவது 238 டிகிரி. உறைந்த மீன் அடுப்பில் இருப்பதாக எச்சரிக்கை மணி அடிக்கும். 12 பிட்டில் மேல்கோடியில் உள்ளது குறி பிட் என்பதை யாரும் கம்பைலருக்குச் சொல்லவில்லை. 2048-உடன் ^ போட்டு, சைன்டு எண்ணாக 2048-ஐக் கழித்தால் 3808 என்பது 1760 வழியாக -288 ஆகும். -288-ஐ 0.0625-ஆல் பெருக்கினால் -18. நேர்ம எண்களுக்கும் இதே வரி செல்லும், தனியே சோதிக்க வேண்டாம்.

இந்த ஒரு இடத்தில் பிட்-ஃபீல்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. 12 பிட் சைன்டு உறுப்பு என்று எழுதினால் குறியைக் கம்பைலரே விரித்துக்கொள்ளும். ஆனாலும் நான் இங்கே பிட்-ஃபீல்டை எடுக்கமாட்டேன். மேல் பைட் முதலில் வருகிறது, நம் சில்லுகளில் பெரும்பாலானவை கீழ் பைட்டை முதலில் வைப்பவை. பைட்டுகளை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் ஸ்ட்ரக்டின்மேல் ஏற்ற வேண்டும். அப்போதும் கம்பைலர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஷிஃப்டும் மாஸ்கும் எண்ணின் மதிப்பின்மேல் வேலை செய்பவை, மெமரியில் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. வெளியே போகிற பிட்டுக்கு அவைதான்.

வன்பொருள் ரெஜிஸ்டரில் இன்னொரு ஆபத்து. சில நிலை ரெஜிஸ்டர்களில் 1 எழுதினால்தான் கொடி அணையும். பிட்-ஃபீல்டில் ஓர் உறுப்புக்கு 1 கொடுத்தால், கம்பைலர் முழு ரெஜிஸ்டரையும் படித்து அந்த ஒரு பிட்டைச் சேர்த்துத் திருப்பி எழுதும். ஏற்கெனவே 1 ஆக இருந்த மற்றக் கொடிகளும் சேர்ந்து அணையும். |= போட்டாலும் இதே கதிதான். அந்த மாஸ்கை மட்டும் நேராக எழுத வேண்டும்.

நிரலுக்குள்ளேயே இருக்கும் நாலைந்து கொடிகளுக்குப் பிட்-ஃபீல்டு தாராளமாகச் சரி, படிக்கவும் சுகம். வெறும் இன்ட் என்று போடாமல் அன்சைன்டு என்று போடுங்கள். ஒரு பிட் சைன்டு உறுப்பில் அடங்குவது 0-உம் -1-உம். 1 வைத்துவிட்டு 1-உடன் ஒப்பிட்டால் பொருந்தாது. பாயிண்டர் எடுக்க முடியாது, அரே ஆக்க முடியாது என்பதால் நீளமான வரிசைக்கு இது எப்படியும் உதவாது.

மாஸ்க் வழியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி உண்டு. எட்டு பிட் அன்சைன்டில் 240 வைத்து ~ போட்டால் 15 வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது -241. சிறிய வகைகள் எல்லாம் கணக்கில் நுழையும்போதே இன்ட் ஆகிவிடுகின்றன. விடையைத் திரும்ப எட்டு பிட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், வலப்பக்கம் தள்ள வேண்டும்.

மற்றவை

‘0’, ‘1’ என்ற எழுத்துகளின் சரமாக வைப்பது திரையில் காட்டவும் பிழை தேடவும் மட்டும். அதில் கணக்குப் போட வேண்டாம்.

2024-இல் வெளிவந்த சி23 தரநிலை பிட் வேலைக்கு நல்லது நிறையச் செய்திருக்கிறது. இரும எண்ணை அப்படியே எழுதலாம். பிட் எண்ணும் சார்புகள் தரநிலைக்குள்ளேயே வந்துவிட்டன. கடைசிப் பூஜ்யம் எண்ணும் சார்புக்குப் பூஜ்யம் கொடுத்தாலும் முழு அகலம் என்று ஒழுங்கான விடை தரும். நாம் சொல்லும் அகலத்தில் முழு எண் வைக்கும் பிட்இன்ட் வகையும் இருக்கிறது, அது தானாக இன்ட் ஆகாது என்பதால் மேலே சொன்ன 240 சிக்கல் அதில் இல்லை. 128 அல்லது 256 பிட் வரிசைக்கு அதை விரும்பி எடுப்பேன். ஒரு மில்லியனுக்கு எடுக்கமாட்டேன். அதிகபட்ச அகலத்தைக் கம்பைலர்தான் முடிவு செய்கிறது, தரநிலை உறுதி சொல்வது லாங் லாங்கின் அகலம் வரைதான். சிறு கன்ட்ரோலர்களோடு வரும் பழைய கம்பைலர்களில் இவை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு கடைக்குப் பதில் ஆயிரம் கடைகள், ஒவ்வொன்றுக்கும் சில நூறு குறியீடுகள் மட்டும் என்றால் 125,000 பைட் வீதம் ஒதுக்குவது வீண். ரோரிங் பிட்மேப் முறைக்கான சிரோரிங் என்ற சி நூலகம் எண்களை 65,536 வீதம் பிரித்து, ஒரு பிரிவில் 4,096 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 16-பிட் எண்களின் பட்டியலாகவும், தாண்டினால் 8,192 பைட் பிட் வரிசையாகவும் வைக்கும். 4,096 எண், எண்ணுக்கு இரண்டு பைட், அதுவும் 8,192. எல்லை ஏன் அங்கே என்பது கணக்கிலேயே தெரிகிறது. இதைச் சொந்தமாக எழுத முயலாதீர்கள், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பலகாரக் கடைக்கு? மடிக்கணினியில் ஓடி, ஆர்டர் வரும்போது ஒரு குறியீட்டை மட்டும் பார்ப்பதென்றால் பூல் அரே. சென்ற ஆண்டு, இந்த ஆண்டு என்று வரிசைகளை ஒப்பிடுவதென்றால், அல்லது பிக்கோவில் வைத்து வண்டியில் கொண்டுபோவதென்றால், வேர்டு அரே. ஏற்று, அணை, பார், எண்ணு, வீச்சை ஏற்று என ஐந்து சிறு சார்புகள். மேக்ரோவாக எழுதாமல் இன்லைன் சார்பாக எழுதுங்கள், வகைப் பிழையைக் கம்பைலர் பிடித்துத் தரும்.

எல்லைச் சோதனையையும் அந்தச் சார்புகளுக்குள் போடுங்கள். பல கோப்புகளில் எது தயார் என்று கேட்கும் செலக்ட் அழைப்புக்குக் கொடுக்கும் எஃப்டி செட் (கோப்பு எண்களின் தொகுப்பு) ஒரு பிட் வரிசைதான். லினக்ஸில் அதன் அளவு 1,024. 1,024 அல்லது அதற்கு மேற்பட்ட கோப்பு எண்ணைக் கொடுத்தால் பக்கத்து மெமரியில் எழுதிவிடும். நம் வரிசையிலும் அதே நிலைதான். சோதிக்கும்போது 0, 31, 32, 63, 64 ஆகிய இடங்களையும் கடைசி இடத்தையும் கட்டாயம் ஏற்றி அணைத்துப் பாருங்கள், கம்பைலரின் அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசரை இயக்கிவிட்டு. அகலத்தை மீறிய ஷிஃப்ட் எதுவானாலும் அந்த வரியைச் சுட்டிக்காட்டிவிடும். 999999-ஐக் கொடுத்தால் 15,624-ஆம் வேர்டில் 63-ஆம் பிட் ஏற வேண்டும், 1,000,000-ஐக் கொடுத்தால் சார்பு மறுக்க வேண்டும்.